குதிகால் கரும்புள்ளியும் முழங்காலுக்குப் பின்னாடி ஒரு நெறியும்: சென்டினல் முடிச்சை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டு, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறேன். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், டாக்டர் இல்லை. உங்க உடம்பைப் பற்றிய முடிவை உங்க டாக்டரோட பேசி எடுங்க.)

00:00 – அத்தையோட 'கால் ஆணி'

இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் வீட்டுக் கதையில ஆரம்பிக்குது. அத்தைகிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் சொல்றேன். அவங்க போட்ட ஒரே கண்டிஷன், "என் பேரைச் சொல்லாதே, மத்தபடி நாலு பேருக்கு உபயோகமா இருந்தா சொல்லு."

அத்தைக்கு 61 வயசு, மயிலாப்பூர்ல இருக்காங்க. அறுபத்துமூவர் அன்னைக்கு மாட வீதியில செருப்பில்லாம சுத்துற ஆள். வலது குதிகால்ல வெளிப்பக்கமா ஒரு கருப்பு அடையாளம் இருந்தது. கால் ஆணின்னு நினைச்சு மெடிக்கல் ஷாப்புல பிளாஸ்டர் வாங்கி ஒட்டிக்கிட்டே எட்டு மாசம் ஓட்டிட்டாங்க. வலி இல்லை, அதனால யாருக்கும் அவசரமும் இல்லை. ஒருநாள் என் தங்கை மருதாணி வைக்கிறப்போ பார்த்துட்டு, "என்ன அத்தை, இது ஒரு பக்கம் பிரவுனா, ஒரு பக்கம் கருப்பா இருக்கு?"ன்னு கேட்டா. அப்புறம்தான் தி.நகர்ல ஒரு தோல் டாக்டர்கிட்ட போனோம்.

பயாப்சி ரிப்போர்ட் வந்தது. ஏக்ரல் மெலனோமா. ஆழம் 1.8 மில்லிமீட்டர். மேல்தோல் புண்ணாகலை.

முதல்ல பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர், "அடுத்த வாரமே பெருசா வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் வச்சுடலாம். நெறியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்"னார். நாங்களும் தலையாட்டிட்டு வந்துட்டோம். என் சித்தப்பா பையன்தான் இன்னொரு இடத்துல கேட்டே ஆகணும்னு நின்னான். ரெண்டாவது டாக்டர் ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு கேட்ட முதல் கேள்வி: "இதோட வடிகால் எங்கே போகுதுன்னு பார்த்தாங்களா?" பார்க்கலைன்னதும், "அப்போ இன்னும் வெட்டக் கூடாது"ன்னார்.

இன்னைக்கு எபிசோடு முழுக்க அந்தக் கேள்வியைப் பத்தித்தான்.

03:20 – நெறி கட்டுறதுன்னா என்ன?

கால்ல முள்ளு குத்தி சீழ் பிடிச்சா, ரெண்டு நாள்ல தொடை இடுக்குல ஒரு உருண்டை வந்து வலிக்கும். பாட்டி தொட்டுப் பார்த்து, "நெறி கட்டியிருக்கு, கால்ல எங்கேயாவது புண்ணு இருக்கா பாரு"ன்னு சொல்வாங்க. நிணநீர் மண்டலத்தைப் பத்தின முதல் பாடம் நம்ம எல்லாருக்கும் இப்படித்தான் கிடைச்சிருக்கு. புண் ஒரு இடத்துல, வீக்கம் வேற இடத்துல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாதை இருக்குன்னு பாட்டிக்குத் தெரியும்.

ரத்தக்குழாயிலிருந்து கசியிற நீர்ல ஒரு பகுதி திரும்ப ரத்தத்துக்குள்ள போறதில்லை. திசுக்களுக்கு நடுவுல தேங்குற அந்த நீரை அள்ளிக்கிட்டுப் போறது நிணநீர்க் குழாய்கள். முடியைவிட மெல்லிசானதுகூட இருக்கு. இதயம் மாதிரி தனி பம்ப் கிடையாது. குழாய்ச் சுவரோட சின்னச் சுருக்கம், நடக்கும்போது தசை பிழியிறது, பின்னாடி போகவிடாத வால்வுகள், இவ்வளவுதான். வழியில அங்கங்கே நிணநீர் முடிச்சுகள் இருக்கு. உடம்புல சுமார் 600 இருக்கும். அந்த நீர்ல வர்ற கிருமியை, அந்நியப் பொருளைப் பிடிச்சு சோதிக்கிற செக்போஸ்ட்னு வச்சுக்கலாம். அங்கே சண்டை நடந்து முடிச்சு வீங்குறதைத்தான் நெறி கட்டுறதுன்னு சொல்றோம்.

மெலனோமா செல்களும் பல நேரம் இதே பாதையிலதான் கிளம்பும். மெலனோமான்னா தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனோசைட் செல்கள்ல வர்ற புற்றுநோய். சின்னதா இருந்தாலும் ஆழமா இறங்கினா பரவுற குணம் உண்டு. ஆனா கிருமி மாதிரி சத்தம் போட்டு வராது. ஒரு முடிச்சுக்குள்ள நூறு செல் உட்கார்ந்திருந்தா வலி இருக்காது, கைக்குத் தட்டுப்படாது, ஸ்கேன்லயும் தெரியாது. பாட்டியோட விரலும் அங்கே உதவாது. அப்போ எந்த முடிச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

06:10 – வரைபடத்தை நம்பலாமா?

1874-ல சாப்பேன்னு ஒரு பிரெஞ்சு உடற்கூறு நிபுணர் ஒரு பெரிய அட்லஸ் வெளியிட்டார். இறந்தவங்க தோல்ல பாதரசத்தை ஊசி போட்டு, அது எந்தக் குழாய் வழியா ஓடுதுன்னு பார்த்து வரைஞ்ச படங்கள். அதுலேர்ந்து ஒரு விதி பிறந்தது. உடம்பு நடுவுல மேலிருந்து கீழா ஒரு கோடு, தொப்புளைச் சுத்தி இடுப்புல ஒரு கோடு. மேல் வலது பக்கத் தோல் வலது அக்குளுக்கு, கீழ் இடது பக்கத் தோல் இடது தொடை இடுக்குக்கு. கோட்டைத் தாண்டாது. நூறு வருஷத்துக்கு மேல டாக்டர்கள் இதை நம்பி வேலை செஞ்சாங்க.

தி.நகர்க்காரங்களுக்கு இதுல என்ன சிக்கல்னு உடனே புரியும். 1920-கள்ல லாங் டேங்க்ங்கிற ஏரியைத் தூர்த்து உருவான இடம் அது. மேப்புல பாண்டி பஜார், உஸ்மான் ரோடு, நேர் நேரா தெருக்கள். ஆனா மழைத்தண்ணி தெரு மேப்பைப் பார்த்து ஓடாது, பழைய பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். 2021 நவம்பர் மழையில எந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி நின்னதுன்னு அங்கே குடியிருந்தவங்களைக் கேளுங்க.

உடம்பும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவுல சிட்னி குழு, உயிரோட இருக்கிற 5,000-க்கும் மேற்பட்ட மெலனோமா நோயாளிகளோட வடிகால் படங்களைச் சேர்த்துப் பார்த்தாங்க. சாப்பே கோடுகளைத் தாண்டிப் போறது சகஜமா இருந்தது. முதுகு நடுவுல இருக்கிற ஒரு மச்சம் ரெண்டு அக்குளுக்கும் போகலாம், கழுத்துக்கும் போகலாம். ஒரே மாதிரி ரெண்டு பேருக்கு ஒரே இடத்துல மச்சம் இருந்தாலும் பாதை ஒண்ணா இருக்கணும்னு இல்லை.

என் தொழில் பாஷையில சொன்னா, நெட்வொர்க் டயக்ராமைப் பார்த்து பாக்கெட் எங்கே போகும்னு ஊகிக்காதீங்க. ட்ரேஸ்ரூட் போட்டுப் பாருங்க. பாக்கெட்டை அனுப்பினா முதல் ஹாப் எதுன்னு அதுவே சொல்லும்.

08:45 – மார்ட்டன் கேட்ட கேள்வி

அதுக்கு முன்னாடி நிலைமை ரெண்டே வழிதான். ஒண்ணு, காத்திருந்து நெறி வீங்கினா எடுக்கிறது. இன்னொண்ணு, பயத்துல அக்குள்லயோ தொடை இடுக்குலயோ இருக்கிற முடிச்சு எல்லாத்தையும் முன்கூட்டியே வழிச்சு எடுக்கிறது. இரண்டாவது வழியில எடுத்த பெரும்பாலான பேருக்கு முடிச்சுல ஒண்ணுமே இருக்காது. ஆனா கால் வீக்கம் மட்டும் வாழ்நாள் முழுக்க நிக்கலாம்.

1977-ல கபானாஸ்ங்கிறவர் ஆண்குறிப் புற்றுநோய்ல, முதல்ல நீர் போய்ச் சேர்ற முடிச்சுன்னு ஒண்ணு இருக்கு, அதைப் பார்த்தாலே போதும்னு எழுதினார். சென்டினல்னா காவல்காரர். ஆனா அவர் அது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே இடத்துல இருக்கும்னு எடுத்துக்கிட்டார். அமெரிக்காவுல டொனால்ட் மார்ட்டனும் நோயியல் நிபுணர் அலிஸ்டர் காக்ரனும் இருந்த குழு அதை மாத்தினாங்க. இடத்தை ஊகிக்க வேண்டாம், மெலனோமா இருந்த இடத்துலயே நீலச் சாயத்தை ஊசி போட்டு, நீலம் முதல்ல எந்த முடிச்சுல ஏறுதுன்னு ஆபரேஷன்லயே பார்க்கலாம்னாங்க.

1992-ல வந்த அவங்க கட்டுரையில, 237 இடங்கள்ல தேடி 194-ல நீல முடிச்சைக் கண்டுபிடிச்சாங்க. முக்கியமான விஷயம், அந்த 194-லயும் மத்த முடிச்சுகளையும் எடுத்து ஒப்பிட்டாங்க. காவல்கார முடிச்சு சுத்தமா இருந்து, பின்னாடி இருக்கிற முடிச்சுல மட்டும் நோய் இருந்தது மிக மிகக் குறைவு. அதாவது முதல் ஹாப் சுத்தம்னா, அடுத்ததும் பெரும்பாலும் சுத்தம்.

11:00 – அடையாறுன்னதும்

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துறேன். ரெண்டாவது டாக்டர் "கேன்சர் சென்டர்ல பண்ணிக்கணும்"னதும் அத்தை கேட்டது, "அடையாறா?" கேட்டுட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க.

சென்னையில அந்த ஊர்ப் பேரே ஒரு நோயோட பேராகிடுச்சு. "அடையாறுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க"ன்னா முடிஞ்சதுன்னு அர்த்தம் பண்ணிக்கிறோம். தங்கை புற்றுநோய்ல இறந்ததைப் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட முயற்சியால, 1954-ல 12 படுக்கைகளோட ஆரம்பிச்ச இடம் அது. அங்கேயே வாழ்க்கை முழுக்க இருந்து 2021-ல மறைஞ்ச டாக்டர் சாந்தா, நோயைவிட அதைப் பத்தின பயத்தோட அதிகம் மல்லுக்கட்டினவங்க. சீக்கிரம் வந்தா குணப்படுத்தலாம்னு அவங்க திரும்பத் திரும்பச் சொன்னாங்க. நாம அந்தப் பேருக்குப் பயந்தே லேட்டா போறோம். அத்தை எந்த ஆஸ்பத்திரியில பண்ணிக்கிட்டாங்கன்னு நான் சொல்லப் போறதில்லை, அது முக்கியமும் இல்லை. போனாங்க, அதுதான் விஷயம்.

12:30 – அந்த நாள் என்ன நடக்கும்?

காலையில முதல்ல நியூக்ளியர் மெடிசின் பிரிவு. பயாப்சி எடுத்த தழும்பைச் சுத்தி நாலு இடத்துல தோலுக்குள்ளயே மெல்லிசா ஊசி. உள்ளே போறது டெக்னீசியம்-99எம் ஒட்டின நுண்துகள் கரைசல். அத்தை வார்த்தையில, "தேள் கொட்டின மாதிரி பத்து செகண்டு, அப்புறம் ஒண்ணுமில்லை."

இந்தத் துகளோட அளவு ஒரு அழகான இன்ஜினியரிங் கணக்கு. ரொம்பச் சின்னதா இருந்தா ரத்தக்குழாய்க்குள்ள நழுவிடும், இல்லைன்னா முதல் முடிச்சைத் தாண்டி ஓடிடும். ரொம்பப் பெருசா இருந்தா ஊசி போட்ட இடத்துலயே உட்கார்ந்துடும். முதல் முடிச்சு வரைக்கும் போய் அங்கேயே மாட்டிக்கிற அளவு வேணும். டெக்னீசியத்தோட அரை ஆயுள் 6 மணி நேரம். மேப் எடுத்து ஆபரேஷன் முடிக்கிறதுக்குப் போதும், அடுத்த நாளுக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும். அதனாலதான் ஊசி நேரமும் தியேட்டர் நேரமும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

பிறகு காமா கேமரா. திரையில குதிகால்ல ஒரு பெரிய வெளிச்சம், அதுலேர்ந்து ஒரு கோடு மேலே ஏறுது. எல்லாரும் தொடை இடுக்கைத்தான் எதிர்பார்த்தோம். அங்கே ஒரு புள்ளி வந்தது. ஆனா அதுக்கு முன்னாடியே முழங்காலுக்குப் பின்பக்கம் இன்னொரு புள்ளி. தனிக் கோடு, தனி முடிச்சு. குதிகாலோட வெளிப்பக்கத்து நீர் சிலருக்கு இப்படிக் கெண்டைக்கால் பின்னாடி ஏறி அங்கே இறங்கும். டெக்னீஷியன் மார்க்கர்ல ரெண்டு இடத்துலயும் பெருக்கல் குறி போட்டார்.

தியேட்டர்ல மயக்கம் கொடுத்த பிறகு நீலச் சாயம். அதுக்கப்புறம் பேனா மாதிரி ஒரு காமா கருவி. மார்க் பண்ண இடத்துல வச்சா, முடிச்சு நெருங்க நெருங்க சத்தம் கூடும். சின்னதா வெட்டி, நீலமா இருக்கிறதையும் சத்தம் போடுறதையும் எடுப்பாங்க. எடுத்த முடிச்சை வெளியே தனியா அளந்துட்டு, உள்ளே மிச்சம் எவ்வளவு சத்தம்னு பார்ப்பாங்க. ரொம்பச் சூடான முடிச்சோட அளவுல 10 சதவீதத்துக்கு மேல ஏதாவது இருந்தா அதையும் எடுக்கிறது வழக்கம். கடைசியா குதிகால்ல அந்த இடத்தைச் சுத்தி ஒண்ணு முதல் ரெண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டி எடுத்தாங்க.

இந்த வரிசை முக்கியம். பெரிய வெட்டு முதல்ல நடந்திருந்தா, அந்த நீர்ப்பாதைகளே அறுந்திருக்கும். அப்புறம் சாயம் எங்கே போகுதுன்னு பார்த்தாலும் அது பழைய பாதையான்னு உறுதியாச் சொல்ல முடியாது. ரெண்டாவது டாக்டர் "இன்னும் வெட்டக் கூடாது"ன்னதுக்குக் காரணம் இதுதான். ஆரம்பத்துல எடுத்த சின்ன பயாப்சி வேற விஷயம். அது பாதையைக் கெடுக்காது. பயாப்சி எடுத்தா பரவிடும்னு பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம்.

ரெண்டு வேடிக்கை. நீலச் சாயம் ரத்தத்துல கலந்ததும் விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் மீட்டர் கொஞ்ச நேரம் தப்பாக் குறைச்சுக் காட்டும். அது வெளிச்சத்தை வச்சு அளக்கிற சென்சார், நீலம் அதை ஏமாத்துது. அப்புறம், ஒண்ணு ரெண்டு நாள் சிறுநீர் பச்சை நீலமாப் போகும். இதை முன்னாடியே சொல்லாததால அத்தை ராத்திரி பாத்ரூம்லேர்ந்து கத்தினதுல வார்டே எழுந்துடுச்சு. சாயத்துக்கு அபூர்வமா கடுமையான அலர்ஜியும் வரலாம், அதனால தியேட்டர்ல அதுக்குத் தயாராத்தான் இருப்பாங்க.

17:10 – ரிசல்ட்

முடிச்சை உடனே ஒரு தடவை பார்த்துட்டு சொல்ல மாட்டாங்க. மெல்லிசு மெல்லிசா பல அடுக்கு சீவி, மெலனோமா செல்லை நிறம் காட்டுற எஸ்-100, மெலன்-ஏ மாதிரி ஸ்டெயின் போட்டுப் பார்க்கணும். எங்களுக்குப் பத்து நாள் ஆச்சு.

தொடை இடுக்கு முடிச்சு சுத்தம். முழங்கால் பின்னாடி முடிச்சுல ஒரு சின்னத் திட்டு, 1 மில்லிமீட்டர்கூட இல்லை.

பழைய வரைபடத்தை நம்பித் தொடை இடுக்கை மட்டும் பார்த்திருந்தா, அத்தைக்கு "எல்லாம் சுத்தம்"னு ஒரு ரிப்போர்ட் கிடைச்சிருக்கும். நாங்களும் அதை நம்பி கபாலிக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்திருப்போம்.

18:20 – அப்போ எல்லாத்தையும் எடுக்கணுமா?

இதைத்தான் வீட்ல எல்லாரும் கேட்டாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடின்னா பதில் பெரும்பாலும் "ஆமா, மிச்ச முடிச்சையும் எடுக்கணும்"னு இருந்திருக்கும். 2017-ல மார்ட்டன் ஆரம்பிச்ச பெரிய ஆய்வோட முடிவு வந்தது. அவர் 2014-லயே இறந்துட்டார். காவல்கார முடிச்சுல நோய் இருந்த 1,900-க்கும் மேற்பட்டவங்களை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு மிச்ச முடிச்சு எல்லாம் எடுத்தாங்க, இன்னொரு பாதியை அல்ட்ராசவுண்டு போட்டுக் கவனிச்சாங்க. மூணு வருஷத்துல மெலனோமாவால இறக்காம இருந்தவங்க ரெண்டு பக்கமும் 86 சதவீதம். வித்தியாசம் இல்லை. ஆனா கை கால் வீக்கம் எடுத்தவங்கள்ல 24.1 சதவீதம், கவனிச்சவங்கள்ல 6.3 சதவீதம்.

அந்த வீக்கம் எப்படி இருக்கும்னு சென்னைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யானைக்கால் பார்த்தவங்க நாம. அங்கே நிணநீர்க் குழாயை அடைக்கிறது புழு, இங்கே முடிச்சை எடுத்துப் பாதையை அறுக்கிறது கத்தி. நீர் போக வழியில்லாம தேங்குறது ரெண்டுலயும் ஒண்ணுதான்.

நேர்மையாச் சொல்லணும்னா, இந்த டெஸ்ட் பண்றதாலயே எல்லாருக்கும் ஆயுள் கூடுதுன்னு நிரூபணம் இல்லை. அதுக்கு முந்தின ஆய்வோட 2014 இறுதி முடிவு, மொத்தமாப் பார்த்தா மெலனோமாவால வர்ற இறப்புல பெரிய வித்தியாசம் காட்டலை. நோய் திரும்ப வர்றது மட்டும் குறைஞ்சது. அப்புறம் ஏன் பண்றோம்? எந்த நிலையில இருக்கோம்னு தெரிய. அதை வச்சுத்தான் எவ்வளவு அடிக்கடி ஸ்கேன், நோயெதிர்ப்பைத் தூண்டுற மருந்து வேணுமான்னு முடிவு. அந்த மருந்துகளோட விலை லட்சங்கள்ல, பக்க விளைவும் உண்டு. முடிச்சுல இருக்கிறது 1 மில்லிமீட்டருக்கும் குறைவா இருந்து, மெலனோமாவும் ரொம்ப ஆழமில்லாம இருந்தா, மருந்தோட லாபம் தெளிவா இல்லை. டாக்டர் அத்தைகிட்ட, "அம்மா, இப்போதைக்கு மருந்து வேண்டாம், நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேனுக்கு மட்டும் தவறாம வாங்க"ன்னார்.

21:40 – யாருக்கு வேணும், என்ன கேட்கணும்?

எல்லா மெலனோமாவுக்கும் இது வேண்டாம். ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே, புண் இல்லைன்னா முடிச்சுக்குப் போயிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. 0.8-லேர்ந்து 1 வரைக்கும், இல்லை புண் இருந்தா, டாக்டரோட பேசி முடிவு பண்ணலாம். 1-க்கு மேல பொதுவாப் பண்ணச் சொல்வாங்க. கையில தட்டுப்படுற அளவுக்கு ஏற்கெனவே நெறி இருந்தா இந்தத் தேடல் தேவையில்லை, அங்கேயே நேரா ஊசி போட்டு செல்லை எடுத்துப் பார்ப்பாங்க.

அதனால கேட்க வேண்டியது மூணு கேள்வி. பயாப்சியில ஆழம் எத்தனை மில்லிமீட்டர்? பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி வடிகால் படம் எடுப்பீங்களா? காமா கேமரா வசதி இங்கேயே இருக்கா, இல்லைன்னா வேற இடத்தோட சேர்ந்து பண்ண முடியுமா?

நம்ம ஊர்ல மெலனோமா அரிது, வருஷத்துக்கு லட்சத்துல ஒருத்தருக்கும் குறைவு. நம்ம தோலோட நிறம் வெயிலிலிருந்து காப்பாத்துறது உண்மைதான். ஆனா வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில வர்ற வகைக்கு அந்தக் காவல் உதவுறதில்லை. நமக்கு வர்றதுல பெரும்பங்கு அதுதான். பாப் மார்லிக்கு வந்ததும் கால் விரல்லதான். காயம்னு நினைச்சாங்க, 36 வயசுல இறந்தார்.

அதனால கால் ஆணின்னு நினைக்கிறது கருப்பாவோ ரெண்டு மூணு நிறமாவோ இருந்தா, பெருசாகிட்டே போனா, ரத்தம் கசிஞ்சா, ஒரு மாசம் ரெண்டு மாசத்துல ஆறலைன்னா, பிளாஸ்டரோ ஆசிடோ வைக்காதீங்க, பிளேடுல சீவாதீங்க. தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒரே நகத்துல புதுசா கருங்கோடு வந்து, அந்த நிறம் நகத்தைத் தாண்டித் தோல்லயும் படர்ந்தா உடனே போங்க.

ஆபரேஷன் முடிஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. அத்தை இதுவரைக்கும் மூணு ஸ்கேன் முடிச்சுட்டாங்க, மூணும் சரியா இருக்கு. அடுத்தது நாளைக்கு மறுநாள், நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போறேன். இந்த வருஷம் அறுபத்துமூவருக்கு மெத்தையான செருப்பு போட்டுக்கிட்டுப் போனாங்க. "சாமி ஒண்ணும் சொல்லலை"ன்னாங்க.

இன்னைக்கு ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி உங்க வீட்ல பெரியவங்க உள்ளங்காலை ஒரு தடவை பாருங்க. குனிஞ்சு அவங்களால பார்த்துக்க முடியாது. கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.